டூயல் பூட் எதற்கு?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து, "லினக்ஸ் போடலாம்தான், ஆனா டூயல் பூட்னா பயமா இருக்கு" என்று வீட்டிலும் ஆபீஸிலும் ஒரே புலம்பல். பயப்படுவது நியாயம்தான். ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் குடிவைத்தால், என்றாவது ஒரு விண்டோஸ் அப்டேட் வந்து பூட் மெனுவைக் காலி செய்துவிடும்.

என் கம்ப்யூட்டரில் அந்த மெனுவே கிடையாது. தனியாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். மெஷினை ஆன் செய்ததும் எஃப்12 தட்டினால், எந்த டிஸ்க் என்று பயாஸே கேட்கும் (எச்பியில் எஃப்9). அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். நிறுவும் நேரத்தில் விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் உபுண்டு வகை இன்ஸ்டாலர்கள், நாம் வேறு டிஸ்க்கைக் காட்டினாலும், பூட்லோடரை விண்டோஸின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே கொண்டுபோய் வைக்கும். அப்புறம் தனி டிஸ்க் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் அந்த டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை லினக்ஸிலிருந்து படிக்கலாம், எழுத விடாது.

மறுநாள் விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பேட்டரி போச்சு என்று கடைக்கு ஓடாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் யுடிசி நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை போட்டால் சரியாகிவிடும். வேண்டியவர்கள் கமென்ட்டில் கேளுங்கள், தருகிறேன்.