மாவுக் குண்டான் மேலிருந்த மரம்

எங்கள் வீட்டில் இட்லி மாவுக் குண்டானின் மூடிமேல் எப்போதும் ஒரு கல் இருக்கும். பூனைக்குப் பயந்து ஆயா வைத்தது. ஒரு சாண் நீளம், கைக்கு அடங்காத பருமன். பார்த்தால் விறகுத் துண்டு, தூக்கினால் கல். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் "அந்தக் கட்டையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கை திடுக்கென்று தாழ்வதைப் பார்த்துச் சிரிப்பது சிறுவயதில் எங்கள் விளையாட்டு.

"அது அசுரன் எலும்பு பாப்பா. காலால தட்டாத," என்பாள் ஆயா. அவள் பிறந்த ஊர் மயிலத்துப் பக்கம். அசுரனின் எலும்பைப் பயத்தோடும் பார்ப்பாள், பூனை விரட்டவும் வைத்துக்கொள்வாள். அந்த முரண் அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

ஆயா போன பிறகு ஊர் வீட்டைக் காலி செய்தபோது, பித்தளை அண்டாக்களுக்குப் போட்டி இருந்தது. கல்லுக்கு இல்லை. அது என்னோடு சென்னைக்கு வந்தது. போன வருடம் சமையலறை அலமாரிக் கதவைச் சரிசெய்ய வந்த ஆசாரி, அதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ரேகையை நெருடிப் பார்த்தார்.

"வைரம் பாஞ்ச மரம்மா. வேம்பு இல்ல, தேக்கும் இல்ல. ரேகை வேற மாதிரி ஓடுது. எந்த ஊரு மரம் இது?"

அதுவரை எனக்கு அது எலும்பாகவும் கல்லாகவும்தான் இருந்தது. அதை ஒரு மரமாக மதித்து ஊரைக் கேட்டவர் அவர்தான். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் நான், ஆயாவின் ஊருக்குப் பக்கத்தில் கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரைக்குக் கிளம்பினேன்.

மயிலத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், பெரும்பாக்கத்தில் பிரிந்து உள்ளே போக வேண்டும். வானூர் வட்டத்து வெயில், பனைமரங்கள், எதிரே ஜல்லி லாரிகள். மத்திய அரசின் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பராமரிக்கும் கல்மரப் பூங்கா, சாலையோரம் ஒரு சாதாரண வேலிக்குள் இருக்கிறது. சுமார் 247 ஏக்கர். சுற்றுலாப் பேருந்துகள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. நான் போன அன்று ஒரு கல்லூரி ஜோடியும் இரண்டு ஆடுகளும் இருந்தன. ஆடுகளுக்கு அனுமதி இல்லை என்று காவலர் கத்திக்கொண்டிருந்தார்.

கல்மரப் பூங்கா என்றதும் நான் மனதில் வளர்த்திருந்தது ஒரு காடு. நின்ற நிலையில் உறைந்துபோன மரங்கள், கல் கிளைகள், கல் இலைகள். அங்கே நிற்கிற மரங்கள் எல்லாம் உயிருள்ளவை. கல்மரங்கள் அவற்றின் நிழலில், செம்மண் மேட்டில், படுத்துக் கிடந்தன. 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை நீளம். மரவாடியில் இறக்கிப் போட்டுவிட்டு மறந்துபோன தடிகளைப் போல. சிலவற்றில் கணுக்கள் இருந்தன. சிலவற்றின் வெட்டுமுகத்தில் வளையங்கள் தெரிந்தன. ஒன்றின் பிளவில் கறையான் புற்று கட்டியிருந்தது. பாவம், ஏமாந்த கறையான்.

இரண்டு கோடி ஆண்டு வயது என்கிறது பலகை. அரை மணி நேரம் சுற்றிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு வேர்கூட இல்லை. ஒரு கிளை இல்லை, பட்டை இல்லை, இலை பதிந்த கல் இல்லை. வெறும் அடிமரங்கள்.

"வேரெல்லாம் எங்கண்ணா?" என்று காவலரைக் கேட்டேன்.

"இங்க மொளச்சிருந்தாத்தானம்மா வேரு இருக்கும்?" என்றார். நூறு பேருக்குச் சொல்லிப் பழகிய பதில். எனக்கு அது புதிது. ஆசாரி கேட்ட ஊர் இதுவல்ல. மரத்தின் ஊரைத் தேடி வந்த இடத்தில், மரங்களே வெளியூர்.

மத்தியானம் ஊருக்குள் கோயிலுக்குப் போனேன். சங்கராபரணி ஆற்றங்கரையில் சந்திரமௌலீஸ்வரர். சம்பந்தர் பாடிய தலம், செம்பியன் மாதேவியின் திருப்பணி கண்ட கோயில். ஆனால் பௌர்ணமிக் கூட்டம் வருவது வக்கிரகாளியம்மனுக்காக. தலபுராணம் இதுதான்: சிவனிடம் வரம் வாங்கிய வக்கிராசுரன் தேவர்களைப் படுத்தினான். திருமால் சக்கரத்தால் அவனைக் கொன்றார். அவன் தங்கை துன்முகியைக் காளி வதைத்தாள். அசுரர்களின் எலும்புகள்தான் ஊரைச் சுற்றிக் கல்லாகிக் கிடக்கின்றன.

ஆயாவின் வாக்கியம் இங்கிருந்துதான் வந்திருக்கிறது. இந்தக் கதையைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. செம்மண்ணிலிருந்து துருத்திக்கொண்டு, உருண்டு நீண்டு, உள்ளே வேறு நிறமாக, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் ஒன்றை முதன்முதலில் பார்த்தவன் என்ன நினைத்திருப்பான்? இவை ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை. இப்போது இருப்பவற்றைவிடப் பழையவை. ஏதோ பெரிய சக்தி இவற்றை இங்கே கொண்டுவந்து போட்டது. மூன்றும் சரி. உடம்பு யாருடையது என்பதில்தான் பிசகு.

இந்தக் கோயிலில் ராஜகோபுரம், கொடிமரம், நந்தி எதுவும் மூலவருக்கு நேர்கோட்டில் இல்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் விலகி நிற்கிறது. வக்கிரம் என்றால் கோணல்தானே என்று பூசாரி விளக்கம் சொன்னார்.

ஊர் திரும்பியபின் தேடல் புத்தகங்களுக்குள் போனது. இந்த மரங்களை முதலில் எழுத்தில் பதிந்த ஐரோப்பியர் பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியைத் தளமாக வைத்துக்கொண்டு சுற்றிய இயற்கையியலாளர். 1781 என்று பூங்காப் பதிவுகள் சொல்கின்றன. இந்தியா, சீனா பயணங்கள் பற்றிய அவருடைய நூல் 1782இல் பாரிசில் வெளிவந்தது. நம் காட்டுக்கோழியை அறிவியல் உலகுக்குச் சொன்னவரும் அவர்தான். அதன் அறிவியல் பெயரில் இன்றும் சொன்னராவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவரைத் துருவத் துருவ வேறொரு சங்கதி கிடைத்தது. 1776இல் அவர் நியூகினிப் பயணம் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதில் நியூகினிப் பறவைகள் என்று பெங்குவின்களைக் காட்டுகிறார். வாய்விட்டுச் சிரிப்பதுபோல் கத்தும் கூக்கபரா என்ற மீன்கொத்தி இனப் பறவையையும் காட்டுகிறார். நியூகினியில் பெங்குவினும் இல்லை, அந்தக் கூக்கபராவும் இல்லை. ஒன்று தென்துருவக் கடல் தீவுகளைச் சேர்ந்தது, மற்றொன்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அவரோ நியூகினி மண்ணில் கால் வைக்கவே இல்லை. பக்கத்துத் தீவுகளோடு திரும்பிவிட்டார். யாரோ கொடுத்த பறவைத் தோல்களுக்கு இவர் ஒரு ஊரை எழுதிவிட்டார். அந்த ஊர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. அந்தப் பெங்குவின் இனத்தின் அறிவியல் பெயர் இன்றும் 'பப்புவா'. கூக்கபராவின் பெயரிலும் நியூகினி இருக்கிறது. பெயரை மாற்ற விதிகள் இடம் கொடுப்பதில்லை. பிழையான ஊர் இருநூறு வருடங்களுக்கு மேலாகப் பறந்துகொண்டிருக்கிறது.

ஊர் தப்பிய மரங்களைப் பற்றி முதலில் எழுதியவர், பறவைகளின் ஊரைத் தப்பாக எழுதியவர் என்பது எனக்கு ஏதோ கோயில் நந்தியைப் பார்த்ததுபோல் இருந்தது.

மரத்தின் கதையைச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு புவியியல் பேராசிரியர். நண்பர் ஒருவரின் பெரியப்பா. கல்லை ஒரு துணிப்பையில் சுற்றி அவரிடம் எடுத்துப் போனேன். வாங்கியதும் எடை பார்ப்பதுபோல் கையில் ஏந்தி, "இத வச்சு என்ன பண்ணீங்க?" என்றார். மாவுக் குண்டானைச் சொன்னேன். "நல்ல உபயோகம்தான்," என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இது. மேற்கே மேட்டு நிலத்தில் காடு இருந்தது. ஆறுகள் பெருவெள்ளத்தில் மரங்களைச் சாய்த்து இழுத்து வந்தன. வரும் வழியில் உருண்டு மோதி வேரும் கிளையும் முறிந்தன, பட்டை உரிந்தது. வெள்ளத்தின் வேகம் தணிந்த இடத்தில் தடிகள் தங்கின. மேலே மணல் மூடியது. மணல் சீக்கிரம் மூடியதுதான் முக்கியம். காற்றுப் படும்படி கிடந்திருந்தால் நாலு மழையில் மக்கியிருக்கும். மணலுக்குள் காற்று இல்லை. அதனால் மட்குவது மெதுவாயிற்று. அந்த இடைவெளியில், மணலில் ஊறிய நிலத்தடி நீர் தன்னில் கரைந்திருந்த சிலிக்காவை மரத்தின் நுண்ணறைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒவ்வொரு அறையாக நிரம்பி இறுகியது. இரும்பு கலந்த இடம் சிவந்தது, மஞ்சளானது. மரம் போய்விட்டது, மரத்தின் அமைப்பு போகவில்லை. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் நீர் ஏறிய குழாய்களைக்கூடப் பார்க்கலாம். மூடியிருந்த அந்த மணல்தான் இறுகிக் கடலூர் மணற்கல் ஆனது.

"தெற்க நெய்வேலிக்குப் போங்க," என்றார். "அங்கயும் இதே கடலூர் மணற்கல். அதத் தோண்டினா அடியில பழுப்பு நிலக்கரி. அதுவும் காடுதான். சதுப்புல புதைஞ்ச காடு கரியாச்சு, இன்னிக்கு எரிஞ்சு கரண்டு குடுக்குது. மணல்ல புதைஞ்சது கல்லாச்சு. இது ஜென்மத்துக்கும் எரியாது."

என்ன மரம் என்ற ஆசாரியின் கேள்விக்கும் பதில் இருந்தது. நுண்ணோக்கி வழியாகப் பார்த்தவர்கள் திருவக்கரை மரங்களில் புளிய மரக் குடும்பத்தையும் ஆமணக்குக் குடும்பத்தையும் கண்டிருக்கிறார்கள். பூக்காத, கூம்பு காய்க்கும் மரங்களும் உண்டு. 1931இல் இந்தியாவின் கூம்புமரப் புதைபடிவங்களை மறுஆய்வு செய்த பீர்பல் சஹ்னி, இங்குள்ள ஒரு வகையை மெசெம்ப்ரியாக்சைலான் என்ற பேரினத்தில் வைத்தார். கிரேக்கச் சொல். தென்திசை மரம் என்று பொருள். ஊர் தெரியாவிட்டாலும் திசையாவது கிடைத்தது என்று மகிழ்ந்தேன்.

"சரி, இது எந்த வகை?" என்று என் கல்லைக் காட்டினேன்.

"அறுத்துப் பார்த்தாச் சொல்லலாம். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும். இது எங்க கிடந்துச்சு?"

"எங்க ஆயா வீட்டுல."

"அதுக்கு முன்ன?"

நான் விழித்தேன். பூங்காவுக்குள்ளிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது, அது குற்றம். ஆனால் வேலிக்கு வெளியே, வரப்புகளில், ஓடைக்கரையில் இப்படித் துண்டுகள் கிடந்த காலத்தில் யாரோ எடுத்திருக்கலாம். ஆயாவா, அவள் அப்பாவா, கொடியிலிருந்து துணி பறக்காமலிருக்கப் பாரம் தேடிய யாரோ ஒரு அத்தையா?

"எந்த மேடு, எந்த அடுக்கு, பக்கத்துல என்ன கிடந்துச்சு, எந்தப் பக்கம் தலை வச்சிருந்துச்சு, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் கல்லு பேசும். தடி கிடக்கிற வாக்கு வச்சே ஆறு எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு சொல்ல முடியும். கிடந்த இடத்த விட்டு எடுத்தாச்சுன்னா இது அழகான கல்லு, அவ்வளவுதான்." திட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

அதன் பிறகுதான் பூங்காவின் வேலி எதைக் காக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகாது, அது இரண்டு கோடி வருடம் தாங்கியது. காக்கப்படுவது அது கிடக்கும் கிடை. வெள்ளம் அந்த மரத்தை வேரிலிருந்து பிடுங்கியது. ஆனாலும் விட்ட இடத்தில் தன் திசையை எழுதிவைத்துவிட்டுப் போனது. அந்தக் கடைசி வரியையும் அழித்தது எங்கள் வீடு.

கல்லைப் பூங்காவிலேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். "சேர்த்தா அது பூங்காவுல கிடந்த கல்லாயிடும். இன்னொரு பொய்," என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு அட்டையை எடுத்துக் கொடுத்தார். மாதிரிகளுக்குக் கட்டும் அட்டை. "தெரிஞ்சத மட்டும் எழுதிக் கட்டுங்க."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். 'திருவக்கரை' என்று எழுதப் பேனா துடித்தது. நிறம் ஒத்துப்போகிறது, ரேகை ஒத்துப்போகிறது, ஆயாவின் ஊரும் பக்கம், கதையும் அந்த ஊர்க் கதை. சொன்னராவுக்கும் இப்படித்தான் துடித்திருக்கும். எழுதவில்லை.

அட்டையில் இருப்பது இவ்வளவுதான்: பொருள், கல்மரம். கிடைத்த இடம், ஆயாவின் சமையலறை, மாவுக் குண்டான் மூடி. கொடுத்தவர் சொன்னது, அசுரன் எலும்பு.

அட்டையை நூலால் கட்டி, கல்லைப் பழையபடி மூடிமேல் வைத்தேன். இந்த வீட்டில் பூனை இல்லை. மாவு பொங்கும்போது மூடி எழும்பாமல் அது பார்த்துக்கொள்கிறது.