சம்பளம் வாங்காத பேராசிரியர்

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு சிறு மகாநாடு கூடிற்று. பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்ற என் மகள், கைக்கு வந்த உத்தியோகத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். "குறைகடத்திகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன், அப்பா" என்றாள். என் மைத்துனர் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு, "அதெல்லாம் சரி, மாப்பிள்ளை, சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: வீட்டுக் கடன் பாக்கியுள்ள என் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

அன்றிரவு அவள் எனக்கு ஜகதீச சந்திர போஸின் கதையைச் சொன்னாள். செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தவர் என்றே நான் அவரை அறிந்திருந்தேன். குறைகடத்தி ஆராய்ச்சிக்கும் அவர் முன்னோடி என்பது எனக்குப் புதுச் செய்தி.

1885-ஆம் வருஷம் போஸ் கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் ஆசிரியரானார். அக்காலத்தில் வெள்ளைக்காரருக்கு மூன்று பங்கு சம்பளமென்றால் இந்தியருக்கு இரண்டு பங்கு. வேலை தற்காலிகமானது என்று சொல்லி, போஸுக்கு அதிலும் பாதியே கொடுத்தார்கள். அவர் வேலையை விடவில்லை. சம்பளத்தைத்தான் தொட மறுத்தார். மூன்று வருஷம் ஒரு காசும் வாங்காமல் பாடம் நடத்தினார். இத்தனைக்கும் தகப்பனாருக்குக் கடன் தொல்லை இருந்தது! கடைசியில் சர்க்கார் இறங்கிவந்து முழுச் சம்பளத்தையும் முன்காலத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணம் கடனை அடைக்கவே சென்றது.

பிறகு அதே காலேஜின் சிறு அறையொன்றில் அவர் மின்னலைகளை ஆராயத் தொடங்கினார். ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் கனிமம், செம்பைப் போல் மின்சாரத்தைத் தாராளமாக விடுவதுமில்லை. கண்ணாடியைப் போல் அடியோடு தடுப்பதுமில்லை. அதன்மேல் ஒரு கூரிய முனையைத் தொடும்படி வைத்தார். கண்ணுக்குத் தெரியாத மின்னலை வந்து படும்போது அதில் ஓடும் மின்சாரம் மாறிற்று. ஒளி பட்டாலும் அந்தக் கல் பதில் சொல்லிற்று! 1901-இல் நண்பர்கள் வற்புறுத்தியதன்பேரில் விண்ணப்பம் செய்து, 1904-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதைக்கொண்டு பொருள் தேட மனமில்லாமல் காலாவதியாக விட்டுவிட்டார்.

போஸ் 1937-இல் காலமானார். பத்து வருஷம் கழித்து, 1947 டிசம்பரில், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் பார்டீனும் பிராட்டெயினும் ஜெர்மேனியத்தின்மேல் தங்க முனைகளை அழுத்தி, முதல் டிரான்ஸிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். இன்று நம் சட்டைப் பையிலுள்ள தொலைபேசி வரை அந்த வம்சந்தான்.

பணத்தின் அருமை போஸுக்குத் தெரியாமலில்லை. அவமானத்தோடு வந்த சம்பளத்தை மறுத்தவர், உரிமையோடு வந்ததை வாங்கிக் கடனைத் தீர்த்தார். அறிவை விற்க மட்டும் அவர் மனம் இடங்கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில், "வீட்டுக் கடனை நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மா, நீ போய் வா" என்று சொன்னேன். மைத்துனர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அவளுக்கு ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர் அவர்தாம்!