அறுநூறு கிராம் இலை

பெட்டிக்கடையில் பீடிக் கட்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பீடியின் மேலே சுற்றியிருப்பது என்ன இலை என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

'புகையிலைதானே!' என்பீர்கள். சென்னையில் என் நண்பர்கள் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை சார். புகையிலை, உள்ளே இருக்கிற தூள். மேலே இருப்பது ஒரு காட்டு மரத்தின் இலை. வடக்கே 'டெண்டு' என்கிறார்கள். கருங்காலிக்கு நெருங்கிய சொந்தம். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் அதற்கு ஒரே பெயர்தான்... பீடி இலை.

மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராஷ்டிரா காடுகளிலிருந்து வருகிற இலை அது. கோடை தொடங்குவதற்கு முன்பே செடியை வெட்டிவிடுவார்கள். ஒன்றரை மாதத்தில் புதுத் துளிர் வரும். அந்த இலையைப் பறித்து, 50, 50-ஆகக் கட்டி, வெயிலில் உலர்த்துவார்கள். மத்தியப் பிரதேசக் கணக்கில் இப்படி ஆயிரம் கட்டு சேர்ந்தால் ஒரு மூட்டை. அதாவது, 50 ஆயிரம் இலை! பறிப்பவர்களில் பலர் பழங்குடிப் பெண்கள். அந்த இலை ஊர் ஊராகக் கடந்து தெற்கே வந்து, கடைசியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அம்மாவின் சுளகில் விழும்.

ஆமாம், என் அம்மா பீடி சுற்றினாள். நான் படித்த பி.காம். அந்தச் சுளகிலிருந்து வந்ததுதான்.

பீடி சுற்றுவதில் எது கஷ்டம் என்று கேட்டால், விரல் வேகம் என்பார்கள் பார்க்கிறவர்கள். சுற்றுகிறவர்களைக் கேளுங்கள். 'இலை' என்பார்கள்.

சாயங்காலம் கடையில் தூளையும் இலையையும் நிறுத்துக் கொடுப்பார்கள். எங்கள் அம்மாவுக்கு ஆயிரம் பீடிக்கு 600 கிராம் இலை. வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்துத் தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி ராத்திரி முழுக்க வைக்கவேண்டும். ஈரம் பத்தாவிட்டால் காலையில் கத்தரி பட்டதும் இலை அப்பளம் மாதிரி நொறுங்கும். ஈரம் கூடிப்போனால் புழுங்கிப் பூசணம் பூத்துவிடும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்மா சாக்குக்குள் கையைவிட்டுப் பார்த்துச் சொல்வாள்.

காலையில் தரம் பிரிப்பு. ஒவ்வோர் இலையையும் துணியால் துடைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக ஒரு தேய். வளைகிறதா, முறுகுகிறதா? அடுத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை. ஓட்டை தெரியும். பூச்சி உட்கார்ந்து உண்டான கொப்புளம் தெரியும். மெல்லிசாக, நரம்பு தடிக்காமல், ஒரே நிறமாக இருந்தால் நல்ல இலை. முற்றிய இலை என்றால் சுற்றச் சுற்ற விரிந்துகொண்டே போகும். நூல் போட்டுக் கட்டினாலும் நிற்காது.

அப்புறம் வெட்டு. பீடியின் அளவுக்குத் தகரத்தில் ஒரு துண்டு வைத்திருப்பார்கள். அதை இலைமேல் வைத்து, நடு நரம்பை விட்டு, ஓட்டையை விட்டு, வெட்டவேண்டும். நல்ல இலையில் இரண்டு துண்டு விழும். பெரிய இலையில் மூன்றும் விழும். மோசமான இலையில் ஒன்று... அதுவும் நிச்சயமில்லை. வெட்டிய துண்டு காய்ந்துவிடாமல் ஈரத்துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு, அதன்பிறகுதான் சுற்றவே உட்காருவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இலை துடைப்பதும் வெட்டுவதும் என் வேலை. இன்றைக்கும் என் வலது கட்டைவிரல் கணுவில் கத்தரி அழுத்திய காய்ப்பு இருக்கிறது.

சரி, இலை மோசமாக இருந்தால் என்ன? குறைவாகச் சுற்றிக் கொடுக்கவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. 600 கிராம் வாங்கினால் ஆயிரம் பீடி திரும்பி வரவேண்டும். 850 தான் தேறியதா? மீதி 150-க்கு இலையைக் காசு கொடுத்து வெளியே வாங்கி ஈடுகட்டவேண்டும். அது போதாதென்று, சுற்றிக் கொடுத்ததிலும் 'இது சரியில்லை, அது சரியில்லை' என்று ஒரு கை கழித்துப் போடுவார்கள்.

2000-ஆம் வருஷம். நான் பி.காம். கடைசி வருஷம். காஸ்ட் அக்கவுன்டிங்கில் ஒரு பாடம் வந்தது. நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ். எந்தத் தொழிலிலும் சரக்கில் கொஞ்சம் வீணாகும். அது நார்மல் லாஸ், அடக்க விலையில் சேர்ந்துவிடும். அதற்கு மேலே வீணானால் அப்நார்மல் லாஸ். அதை லாப நஷ்டக் கணக்கில், முதலாளியின் தலையில் எழுதவேண்டும்.

பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு அம்மாவின் சுளகு கண்முன்னே வந்துவிட்டது. அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இரண்டு வாரம், தினமும் வந்த இலை எவ்வளவு, நரம்பு வெட்டியது எவ்வளவு, அழுகலும் ஓட்டையும் எவ்வளவு என்று பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து எழுதினேன். ஆயிரம் பீடிக்குக் கூலி அப்போது சுமார் 40 ரூபாய். அதில் வெளியே இலை வாங்க மட்டும் சராசரியாக 5 ரூபாய் போயிருந்தது. எட்டில் ஒரு பங்கு! முதலாளியின் அப்நார்மல் லாஸை என் அம்மா கட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, இது உன் நட்டம் இல்ல. அவங்க நட்டம். அழுகுன இலையக் கொண்டுபோய்த் திருப்பிக் குடு" என்றேன். பெரிய வக்கீல் மாதிரி.

மகன் படித்தவன் ஆயிற்றே. அம்மா போனாள். அழுகல் இலையை மேஜைமேல் வைத்தாள். "அண்ணாச்சி, இதுக்கு நான் எப்படிப் பொறுப்பு? மாத்திக் குடுங்க" என்றாளாம். கணக்கப்பிள்ளை கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்கு முட்டை பொரித்துப் போட்டாள்.

மறுநாள் போனால், "இலை வரலையேக்கா." அதற்கு மறுநாளும் அதேதான். பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் இலை வந்திருந்தது. அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. ஒன்பது நாள்!

பாஸ்புத்தகத்தில் ஒன்பது நாள் வெற்று. எனக்கோ பரீட்சை ஃபீஸ் கட்டவேண்டிய வாரம். அம்மா பக்கத்து வீட்டு அத்தையின் புத்தகத்தில், அவர்கள் பெயரில், குறைந்த கூலிக்குச் சுற்றினாள். பத்தாம் நாள் கடைக்குப் போய் ஒன்றும் பேசாமல் நின்றாள். இலை கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தேன். பாதி ஓட்டை.

என்னை அம்மா திட்டவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான்தான் நோட்டைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்சது சரிதாம்யா. ஆனா அது இலை குடுக்கவனுக்குள்ள கணக்கு. வாங்குதவளுக்கு வேற கணக்கு."

அந்த வேறு கணக்கு என்ன என்பதை அப்புறம் பார்த்தேன். தகரத்தை நேராக வைத்துப் பார்ப்பாள், சரிவராது. திருப்பி வைப்பாள், சாய்த்து வைப்பாள். இரண்டு ஓட்டைக்கு நடுவில் இருக்கிற நல்ல இடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துவிடுவாள். 850 தேறிய இலையில் 900, 920 என்று தேற்றினாள். கூலி ஏறவில்லை. வெளியே இலை வாங்குகிற காசு குறைந்தது, அவ்வளவுதான். அதற்காகத் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் குனிந்து உட்கார்ந்தாள்.

நிருபராக வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து, ஒரு கட்டுரைக்காக 1966-ஆம் வருஷத்து பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைப் படித்தேன். 39-ஆம் பிரிவில் வந்து நின்றுவிட்டேன். முதலாளி கொடுக்கிற மூலப்பொருள் பற்றித் தகராறு வந்தால், பீடியைக் கழித்தால், கழித்ததற்குக் கூலி மறுத்தால், மாநில அரசு நியமிக்கும் அதிகாரி சுருக்கமாக விசாரித்துத் தீர்க்கவேண்டும் என்று எழுதியிருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்தது! எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. நான் அம்மாவைத் தனியாக அனுப்பினேன். தெருவோடு சேர்த்து, அந்த அதிகாரியிடம் அனுப்பியிருக்கவேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, அந்தப் பழைய சட்டம் விடைபெற்றது. தொகுப்பு புதிதாக இருக்கலாம். தராசு யார் கையில் என்பதுதான் என் கேள்வி.

'பீடியே கெடுதல், இதில் இலை நல்லதாக இருந்தால் என்ன?' என்று சிலர் கேட்பீர்கள். கெடுதல்தான், சந்தேகமே இல்லை. 'சிகரெட்டை விட பீடி லேசு' என்பது சுத்தப் பொய். புற்றுநோயில் அது யாருக்கும் சலுகை தருவதில்லை. அம்மாவே சொல்வாள்: "சுத்துதவ சொல்லுதேன், இத மட்டும் வாயில வச்சிராதலே." புகைக்காதீர்கள். ஆனால், அந்தத் தூசியை வருஷக்கணக்கில் மூச்சில் இழுத்துக்கொண்டு, இன்னொருத்தன் நஷ்டத்தைக் கட்டிய பெண்களைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

அம்மா இப்போது என்னோடு சென்னையில் இருக்கிறாள். சுற்றுவதை விட்டு வருஷம் பல ஆகிவிட்டது. போன வாரம் இந்தப் பத்திரிகையை அவள் கையில் கொடுத்து, "எம்மா, நான் எழுதினது வந்திருக்கு பாரு" என்றேன். கண்ணாடியைத் தேடவில்லை. பக்கத்தின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக ஒரு தேய். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை.

"தாளு மெல்லிசுதான்யா. ஆனா ஒடியும்" என்றாள்.