சித்தப்பாவோட 'நார்மல்'

"உங்க குடும்பத்துல யாருக்காவது கண் பிரஷர் இருக்கா?" கண் டாக்டர்கள் வழக்கமா கேக்கற கேள்வி. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் "தெரியலையே டாக்டர்"னுதான் சொல்லுவோம். சுகர் யாருக்கு இருக்குன்னு கேட்டா ஒண்ணுவிட்ட பெரியப்பா வரைக்கும் ஒப்பிப்போம். கண்ணுன்னா மட்டும், "தாத்தாவுக்கு வயசான காலத்துல பார்வை மங்கிடுச்சு"ங்கறதோட சரி. அது கேட்டராக்டா, கிளாக்கோமாவான்னு யாரும் விசாரிச்சதில்லை.

எங்க வீட்டுலயும் அதே கதைதான். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு கிளாக்கோமான்னு தெரிஞ்சப்போ, இடது கண்ணுல பக்கவாட்டுப் பார்வை நிறையவே போயிருந்தது. வலியும் இல்லை, கண் சிவக்கவும் இல்லை. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்த தினமும் சொட்டு மருந்து. கூடப் பிறந்தவங்களும் பிள்ளைங்களும் கட்டாயம் செக் பண்ணிக்கணும்னார் டாக்டர். நானும் தங்கச்சியும் போனோம். சித்தப்பா மட்டும் வரலை. "கேம்ப்ல பாத்தாச்சுடா. பிரஷர் 16. நார்மல்."

அந்த 'நார்மல்' பத்திதான் இந்தப் பதிவு.

பரம்பரை வியாதின்னா அப்பாகிட்டேர்ந்து பிள்ளைக்கு நோயே அப்படியே பார்சலா வரும்னு நெனைக்கறோம். சில குடும்பங்கள்ல கிட்டத்தட்ட அப்படித்தான். 1997ல கண்டுபிடிச்ச மயோசிலின் ஜீன்ல கோளாறு இருந்தா சின்ன வயசுலயே கூட வரலாம். ஆனா இது சில சதவீதம் பேருக்குத்தான். மத்தவங்களுக்கு வர்றது நோய் இல்லை, சில அளவுகள். கண்ணுக்குள்ள அழுத்தம் எவ்வளவு, கார்னியா எவ்வளவு தடிமன், பார்வை நரம்பு கிளம்பற இடத்துல இருக்கற குழி எவ்வளவு பெரிசு, இந்த மாதிரி. 2021ல வந்த ஒரு பெரிய ஆய்வு கிளாக்கோமாவோட தொடர்புள்ள 127 இடங்களை மரபணுத் தொகுதியில காட்டுச்சு. ஒவ்வொண்ணும் தன் பங்குக்குக் கொஞ்சம் தள்ளிவிடுது, அவ்வளவுதான்.

இந்த அளவுகள்ல ஜீனுக்கு எவ்வளவு பங்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறாங்க? இரட்டையர்களை வெச்சுத்தான். ஒரே மாதிரி இருக்கற இரட்டையர்களுக்கு ஜீன் மொத்தமும் ஒண்ணு. மத்த இரட்டையர்களுக்கு சராசரியா பாதி. ரெண்டு வகையும் ஒரே வீட்டு சாப்பாடு, ஒரே வளர்ப்பு. அப்படியும் முதல் வகை அதிகமா ஒத்துப்போனா அந்த வித்தியாசம் ஜீனோட வேலை. 2005ல ஆஸ்திரேலியா, இங்கிலாந்து இரட்டையர்கள்கிட்ட பாத்ததுல கார்னியா தடிமனுக்கு வந்த விடை 0.95! பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த 2019 கணக்குல கார்னியாவுக்கு சுமார் 0.8, நரம்புக் குழிக்கு 0.56, கண் அழுத்தத்துக்கு 0.43.

இங்க ஒரு எச்சரிக்கை. 0.95ன்னா அப்பா கண்ணுல 95% எனக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல ஜீனோட பங்கைச் சொல்ற எண் அது. தனி ஆளுக்கு ஜாதகம் இல்லை. கிட்டப்பார்வைக்கும் இரட்டையர் ஆய்வுகள்ல பெரிய எண்தான் வருது. ஆனா கிழக்கு ஆசியப் பசங்களுக்கு ஒண்ணு ரெண்டு தலைமுறையிலயே கிட்டப்பார்வை எகிறிடுச்சு. ஜீன் அவ்வளவு சீக்கிரம் மாறாது, வெயில்ல விளையாடாம படிச்சுக்கிட்டே இருக்கறது மாறும்.

சரி, சித்தப்பாவோட 16க்கு வருவோம். பிரஷர் மெஷின் கார்னியாவை வெளியிலேர்ந்து அமுக்கித்தான் அளக்குது. கார்னியா மெல்லிசா இருந்தா லேசா அமுங்கும், உள்ள இருக்கறதை விடக் குறைச்சலாவே காட்டும். சராசரி தடிமன் 520லேர்ந்து 550 மைக்ரான். அப்பாவுக்கு 482. எனக்கு 490. (ஜெராக்ஸ் காப்பி!) சித்தப்பாவுக்கு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது, கேம்ப்ல அதை அளக்கவே இல்லை. மெல்லிய கார்னியா அளவீட்டுப் பிரச்சனை மட்டுமில்லை. கண் அழுத்தம் கூடுதலா இருக்கறவங்களை வருஷக்கணக்கா கவனிச்ச ஒரு அமெரிக்க ஆய்வுல (2002), தடிமன் 40 மைக்ரான் குறையக் குறைய கிளாக்கோமா வர்ற ஆபத்து 71% கூடுச்சு. இது போக, அழுத்தம் நிஜமாவே நார்மலா இருந்தும் நரம்பு கெடறவங்களும் நிறைய.

நெதர்லாந்துல ராட்டர்டாம் ஆய்வு (1998) சொன்னது: கிளாக்கோமா உள்ளவங்களோட நெருங்கிய ரத்த சொந்தத்துக்கு வாழ்நாள் ஆபத்து 22%, மத்தவங்களுக்கு 2.3%. நம்ம தென் தமிழ்நாட்டு கிராமங்கள்ல அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தின ஆய்வுல (2003), திறந்த கோண கிளாக்கோமா இருந்தவங்கள்ல 93% பேருக்கு அது இருக்கறதே தெரியலை. ரெண்டையும் சேர்த்துப் பாத்தா, "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லை"ங்கற பதிலுக்குப் பெருசா மதிப்பு இல்லைன்னு புரியும்.

அதனால மக்கா, வீட்டுல யாருக்காவது இது இருக்குன்னா 40 வயசு வரைக்கும் காத்திருக்காதீங்க. பிரஷரோட நிறுத்தாம, கார்னியா தடிமன், நரம்புப் பரிசோதனை, தேவைப்பட்டா ஃபீல்ட் டெஸ்ட், எல்லாம் கேட்டு வாங்குங்க. அந்த எண்களை எழுதி வெச்சு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிக்கு வாட்ஸப்ல அனுப்புங்க. வரன் பேச்சு கெட்டுடும்னு மறைக்கற விஷயமில்லை இது.

சித்தப்பா இன்னும் போகலை. 16ங்கற நம்பரை நாலு பேருக்குப் பெருமையா சொல்லிட்டு இருக்கார். அடுத்த ஞாயித்துக்கிழமை அவரை ஆட்டோவுல ஏத்தறதுன்னு நானும் தங்கச்சியும் முடிவு பண்ணிட்டோம் :-)