ரேகை போடுகிறவர்கள்

வட சிலாங்கூரில், புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருக்கிறது அந்தப் பட்டறை. நான் போன அன்று வாசலில் பழைய சமையலறைக் கேபினட்டுகள், ஒரு சாமி மேடை, கால் ஆடும் டிவி மேசை எல்லாம் வரிசையாகக் கிடந்தன. எல்லாமே லேமினேட் ஒட்டிய சிப்போர்டு. அவற்றுக்குத் தேக்கு, நியாத்தோ, செங்கால் என்று கேட்கிற மரத்தின் ரேகையைப் போட்டுத் தருவதுதான் இங்கே தொழில்.

அறுபதை நெருங்கும் ஓர் அண்ணனும் அவர் மனைவியும் பட்டறையை நடத்துகிறார்கள். இருவருமே தோட்டத்துப் பிள்ளைகள். "சாயம் அடிக்கிறது பெருசில்ல தம்பி, தேய்க்கிறதுலதான் எல்லாம் இருக்கு" என்றார் அண்ணன். லேமினேட்டின் வழவழப்பில் எந்தச் சாயமும் பிடிக்காது; நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, 220 நம்பர் மணல்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்க்கிறார்கள். கொஞ்சம் அழுத்திவிட்டாலும் மேல்தாள் கிழிந்து உள்பலகை தெரிந்துவிடும். அதன்பின் பிரைமர், பிறகு அடிச்சாயம் இரண்டு பூச்சு. எந்த மரத்தைப் போடப் போகிறார்களோ, அந்த மரத்தில் மிக வெளிறிய இடம் என்ன நிறமோ அதுதான் அடிச்சாயத்தின் நிறம்.

அது காய்ந்ததும், அடிநிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிய பழுப்புச் சாயத்தைத் தடவுகிறார் அண்ணன். ஈரம் இருக்கும்போதே ரேகையை இழுத்துவிட வேண்டும். கையில் அரைவட்டமாக ஒரு ரப்பர் கட்டை. அதன் முகத்தில் வளைய வளையமாக வரி வெட்டியிருக்கிறது. பலகையின் மேல்முனையில் வைத்து இழுத்துக்கொண்டே மணிக்கட்டைச் சாய்த்து நிமிர்த்துகிறார். சாய்த்த இடத்தில் நடுமரத்தின் நீள்வட்டங்கள் விரிகின்றன. சாய்க்காமல் இழுத்த இடத்தில் நேர்வரி ஓடுகிறது. கை நடுவில் நின்றால் குறுக்கே தடம் விழும். மொத்தத்தையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். கடைசியாக, நீளமுடி பிரஷ்ஷைக் காய்ந்தபடியே வைத்து ஈரச் சாயத்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். மரத்தின் நுண்துளைகள் அப்போதுதான் பிறக்கின்றன.

கணு வைப்பதும் மூட்டுகளைச் சரிசெய்வதும் அக்காவின் பொறுப்பு. கதவின் நிற்கிற சட்டத்தில் ரேகை மேலிருந்து கீழாக ஓட வேண்டும், குறுக்குச் சட்டத்தில் பக்கவாட்டில். இரண்டும் சேரும் இடத்தில் காகித நாடா ஒட்டிக் கோட்டைப் பிரிக்கிறார். பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் ஒரே மாதிரி வளையம் விழுந்திருந்ததைப் பார்த்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டார்: "ரெண்டு மரத்துக்கு ஒரே முகம் இருக்குமாங்க? அழிங்க." மறுபேச்சில்லாமல் அழித்தார் அவர். சிறு வயதில் தாயாரோடு பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவப் போனவர் அக்கா. பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழம் போனாலும் மரத்துக்குக் காயம் என்பதைக் கையால் கற்றவர். இந்தக் கண் அங்கிருந்துதான் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பால்மரத்துக்கும் இந்தப் பலகைக்கும் உறவு உண்டு. சுமார் 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டினால், முன்பெல்லாம் அடுப்புக்கும் ரப்பர் புகைக்கூடத்துக்கும் விறகாகத்தான் போகும். மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் வெட்டிப் போட்ட சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே, 1980களில் அது பெரிய அளவில் தளவாட மரமானது. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு அதில் பங்குண்டு. மிச்சமான கிளையும் கழிவும் அரைபட்டுச் சிப்போர்டாகவும் எம்டிஎஃப் பலகையாகவும் ஆயின. இதற்கிடையே வட சிலாங்கூரில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட நிலங்களில் வீடமைப்புகள் எழுந்தன. புக்கிட் பெருந்துங் 1990களில் அப்படி உருவான ஊர். அக்கா தேய்க்கும் கேபினட்டுக்குள் இருப்பது பால்மரத்தின் தூளாகவே இருக்கலாம்.

இங்கிலாந்தில் இதே கலையைச் செய்த தாமஸ் கெர்ஷாவுக்கு 1855 பாரிஸ் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. அவர் வரைந்த பலகைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெருந்துங்கில் செய்தால் அது "சாயம் அடிக்கிற வேலை". சதுர அடிக்கு இத்தனை வெள்ளி என்று பேரம். ஒரு கதவு அழித்து அழித்து மூன்று முறை வரையப்பட்டிருந்தாலும் கூலி ஒன்றுதான். இது நியாயமில்லை.

உங்கள் வீட்டுப் பழைய கேபினட்டைத் தூக்கிப் போடும் முன் அதன் அடிவிளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் ஏறி உப்பியிருந்தால் எந்தச் சாயமும் அதைக் காப்பாற்றாது. உறுதியாக இருந்தால், ரேகை போடுகிறவரைக் கூப்பிடுங்கள். ரேகைக்கான கூலி என்ன என்று தனியாகக் கேட்டுக் கொடுங்கள்.