லென்ஸை மாத்துங்க... காலை நகர்த்தாதீங்க!

செமஸ்டர் லீவு விட்டாச்சு. 'எங்கடா போறது?'ன்னு பேச்சு ஆரம்பிச்சா, கோவைப் பக்கத்துப் பசங்க வாயில முதல்ல வர்ற பேரு வால்பாறை. கேமரா வெச்சிருக்கிற ஆளுக்கு மட்டும் கூடவே இன்னொரு கவலை வந்துடும். 'எந்த லென்ஸை எடுத்துட்டுப் போறது?'

கடைக்காரரைக் கேட்டா விலையிலிருந்து ஆரம்பிப்பார். சீனியரைக் கேட்டா, தன்கிட்ட இருக்கிறதுதான் உலகத்திலேயே நல்ல லென்ஸுன்னு சத்தியம் பண்ணுவார். அதனால நாம அந்த ரோட்டையே கேட்டுடலாம் வாங்க. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 64 கிலோமீட்டர், நடுவுல 40 கொண்டை ஊசி வளைவுகள். இதைவிட நல்ல லென்ஸ் வாத்தியார் கிடைக்க மாட்டார்!

ஆழியாறு: கிட் லென்ஸே கில்லி

விடியற்காலையில் ஆழியாறு அணைக்குப் போயிடுங்க. முன்னாடி தண்ணீர், பின்னாடி சுவர் எழுப்பின மாதிரி ஆனைமலை. கேமரா வாங்கும்போதே கூட வர்ற 18-55 மி.மீ. கிட் லென்ஸ் இதுக்குத் தாராளம். துளையை எஃப் 8 அல்லது எஃப் 11-ல் வைங்க. முன்னாடி கிடக்கிற பாறையும் தெளிவா வரும், மலையும் தெளிவா வரும்.

கிட் லென்ஸும் இல்லையா? விடுங்க பாஸ், பாக்கெட்ல மொபைல் இருக்கே! இப்போ வர்ற பெரும்பாலான மொபைல்களின் முதன்மை கேமரா, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24-26 மி.மீ. அகலத்தைப் பார்க்குது. ஆக, அகலமான லென்ஸ் ஏற்கெனவே உங்க கையில் இருக்கு. காசு செலவு பண்ணணும்னா தூரத்து லென்ஸுக்குப் பண்ணுங்க. ஏன்னு அடுத்த நிறுத்தம் சொல்லும்.

ஒன்பதாவது வளைவு: ஒரு சின்னக் கணக்கு

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணை தாம்பாளம் மாதிரி தெரியும். அதிர்ஷ்டம் இருந்தா பாறைச் சரிவில் வரையாடு நிக்கும். நம்ம மாநில விலங்கு. தமிழ்நாடு, கேரளாவைத் தவிர உலகத்தில் வேற எங்கேயும் காட்டில் கிடையாது. 2025-ல் ரெண்டு மாநிலமும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் மொத்தமே 2,668.

இப்போ கணக்கு. நல்லா வளர்ந்த கிடா தோள்வரைக்கும் சுமார் ஒரு மீட்டர் உயரம். நம்மில் பலர் வெச்சிருக்கிற ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் போட்டு, 30 மீட்டர் தள்ளி நின்னு எடுத்தா, ஃப்ரேமின் உயரத்தில் மூணில் ரெண்டு பங்கை அது நிறைச்சுடும். அதே அளவு 55 மி.மீ. லென்ஸில் வேணும்னா, அஞ்சரை மீட்டருக்குக் கிட்டப் போகணும்! அத்தனை கிட்டப் போனா, மேய்ச்சலை விட்டுட்டு ஆடு நகர்ந்துடும். குட்டியோடு இருந்தா இன்னும் மோசம். உங்க ஒரு படத்துக்காக அது செங்குத்துப் பாறையில் பயந்து ஓடணுமா?

பெரிய லென்ஸ் நம்மைப் பக்கத்தில் கொண்டுபோற சமாச்சாரம்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் அது நம்மைத் தள்ளி நிக்க வைக்கிற சமாச்சாரம். காட்டுக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே 'அந்த மிருகம் என்னை எவ்வளவு தூரத்தில் நிக்கச் சொல்லுது?' என்பதுதான்.

புதுத்தோட்டம்: கறுப்பு உடம்பு, வெள்ளிப் பிடரி

வால்பாறை ஊருக்குள் நுழையுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி புதுத்தோட்டம். தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கிற துண்டுக் காட்டில் சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழுற, அழியும் ஆபத்தில் இருக்கிற இனம். இயல்பா மரத்து உச்சியிலேயே வாழ்க்கையை ஓட்டுற ஜாதி. இங்கே காடு துண்டு துண்டா ஆனதால ரோட்டுக்கும் இறங்குது, வண்டியில் அடியும் படுது. அதைத் தடுக்கத்தான் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டிருக்காங்க. அண்ணாந்து பாருங்க, தெரியும்.

இங்கே 55-250 அல்லது 70-300 போதும். பிரச்னை தூரத்தில் இல்லை, வெளிச்சத்தில்தான். கறுப்பு உடம்பு ஃப்ரேமை நிறைச்சா, கேமரா 'ரொம்ப இருட்டு'ன்னு நினைச்சு வெளிச்சத்தை ஏத்திடும். வெள்ளிப் பிடரி வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைங்க. அதே குரங்கு உச்சிக்கிளையில் வெள்ளை வானத்துக்கு முன்னாடி உட்கார்ந்தா தலைகீழ்: ஒரு ஸ்டாப் ஏத்துங்க.

பிஸ்கட் நீட்டி மட்டும் கூப்பிடாதீங்க. நீங்க ஒரு படம் எடுத்துட்டுக் கிளம்பிடுவீங்க. அது அடுத்த வண்டியையும் நம்பி ரோட்டுக்கு வரும்.

இருவாச்சி: பெரிய பீரங்கி எப்போ?

தலைக்கு மேலே பழைய நீராவி எஞ்சின் மூச்சு விடுற மாதிரி சத்தம் கேட்டா, அது இருவாச்சி. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளப் பறவை. அதோட இறக்கைச் சத்தம்தான் அது. இதுக்கு 150-600 மாதிரி பீரங்கி உதவும். ஆனா எடை ரெண்டு கிலோ. மோனோபாட் இல்லாம அரைமணி நேரம் தூக்கிப் பாருங்க, கை சொல்லும் சேதி. ஷட்டர் வேகத்துக்கு ஒரு எளிய வாய்ப்பாடு: ஏ.பி.எஸ்-சி கேமராவில் 300 மி.மீ.ன்னா, குறைஞ்சது 500-ல் ஒரு நொடி. பறக்கும்போது இன்னும் கூட்டணும். லென்ஸில் இருக்கிற ஸ்டெபிலைசர் நம்ம கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது.

இருவாச்சிகிட்ட ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய லென்ஸும் உதவாது. முட்டையிடுற காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை ஒரு சின்னக் கீறல் விட்டு அடைச்சுக்கும். வாரக்கணக்கில் ஆண் கொண்டுவர்ற பழம்தான் அதுக்கும் குஞ்சுக்கும் சாப்பாடு. மரத்தடியில் பத்து கேமரா காத்திருந்தா ஆண் இறங்கத் தயங்கும். உள்ளே பசி! கூடு தெரிஞ்சா, லென்ஸை மூடிட்டு நடையைக் கட்டுங்க.

நல்லமுடி: மலைக்கும் டெலி

லேண்ட்ஸ்கேப்னாலே வைடு லென்ஸ்தான்னு யார் சொன்னது? நல்லமுடி காட்சிமுனையில் 200 மி.மீ. வைங்க. எதிர்மலைகள் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, மடிச்சு வெச்ச சேலை மாதிரி நெருங்கி நிக்கும். நடுவுல மேகம் ஊர்ந்தா அதுதான் உங்க பெஸ்ட் ஷாட்.

சாயங்காலம்: கேமரா பைக்குள்ள

இருட்டினதும் தேயிலைக்குள் காட்டுமாடும் யானையும் நடமாடும். யானை பக்கத்தில் இருந்தா இந்த ஊர்க்காரங்களுக்கு எஸ்.எம்.எஸ். வரும், உள்ளூர் டி.வி.யில் எழுத்து ஓடும், முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைச்சது. மக்கள் யானையோட எத்தனை கவனமா வாழுறாங்கன்னு இதிலிருந்தே புரியும். 2025 பிப்ரவரியில் இதே வால்பாறை ரோட்டில், யானையைக் கடந்து போக முயன்ற வெளிநாட்டுப் பயணி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தா எந்த லென்ஸும் வேண்டாம், திரும்பிடுங்க. ஃப்ளாஷும் கூடவே கூடாது.

பையில் என்ன?

ஒரு கிட் லென்ஸ். ஒரு 55-250 அல்லது 70-300. அவ்வளவுதான் பாஸ். 600 வரைக்கும் ஆசை இருந்தா, நாலு பேர் காசு போட்டு ரெண்டு நாள் வாடகைக்கு எடுங்க. பழைய லென்ஸ் வாங்குறதா இருந்தா, உள்ளே டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, வேண்டாம். ஏ.சி. காரிலிருந்து இறங்கினதும் லென்ஸ் பனி மூடிக்கும். கேமராவைப் பையிலேயே கால்மணி நேரம் விட்டு அப்புறம் எடுங்க. வால்பாறை வர்ற வெளியூர் வண்டிகளுக்கு 2025 நவம்பரில் இ-பாஸ் முறை வந்தது, அதையும் பார்த்துக்கோங்க.

ஊருக்குத் திரும்பி வந்து படங்களை ஓட்டும்போது ஒண்ணு கவனிங்க. எந்தப் படத்தில் மிருகம் உங்களைக் கண்டுக்காம மேய்ஞ்சுக்கிட்டு, தின்னுக்கிட்டு, தூங்கிக்கிட்டு இருக்கோ, அந்தப் படத்துக்குத்தான் நீங்க சரியான லென்ஸைத் தேர்ந்தெடுத்திருக்கீங்க!