புள்ளியும் பள்ளமும்

குமுளியிலிருந்து மூணாறு செல்லும் சாலையில், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ஆனைக்கரை. கிழக்கே மலை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. கடைப்பெயரை மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் எழுதிவைக்கும் வழக்கம் இத்தகைய ஊர்களில் உண்டு.

அவ்வாறான பெயர்ப்பலகை ஒன்று, மழைக்காலத்தில், ஒரு பட்டறையின் மேசைமீது கிடந்தது. கடைவீதியில் சன்போர்டு என வழங்கும் பி.வி.சி. நுரைப்பலகை. எழுத்துகளை எந்திரம் குடைந்து முடித்திருந்தது, எஞ்சியது கைவேலை. இப்பலகையின் மேல்தோல் வழவழப்பானது. வெட்டிய விளிம்பிலோ நுரையின் நுண்ணறைகள் வாய்திறந்து நிற்கும். அதன்மேல் வண்ணம் பூசினால் சொரசொரப்பு அப்படியே தெரியும். ஆகவே பட்டி பார்க்க வேண்டும். நீரில் குழைத்த அக்ரிலிக் பட்டியைத் தகட்டால் மெல்லிதாக இழுத்து, உலரவிட்டு, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பது முறை. முதலில் 220, பிறகு 320. வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் பலகை குழியும். விரைந்து தேய்த்தால் சூட்டில் இளகும்.

மழையில் பட்டி எளிதில் உலராது. அப்போது கைகொடுப்பது உடனொட்டும் பசையும் ஆப்பசோடாவும். பள்ளத்தில் சோடாவைத் தூவிப் பசையைச் சொட்டினால் நொடியில் கல்லாகிவிடும். தொல்லையும் அதுவே. நிரப்பியது பலகையைவிடக் கடினமாக இருப்பதால், சுற்றியுள்ள நுரை முதலில் தேய்ந்து, நிரப்பிய இடம் மட்டும் மேடாக நிற்கும்.

பட்டறை இளைஞருக்குத் தமிழ் பேசவரும், படிக்க வராது. கைத்தவறுதலாக விழுந்த சிறு பள்ளங்களை ஒவ்வொன்றாக அடைத்து வந்தவர், ‘ஏலக்காய் கடை’ என்னும் வரிக்கு மேலே தனித்து நின்ற இரண்டு வட்டக் குழிகளையும் அதே ஒழுங்கோடு அடைத்துவிட்டார். குறை சொல்வதற்கில்லை. மலையாளத்தில் இரட்டித்த ககரம் ஒரே கூட்டெழுத்தாகிவிடும். புள்ளிக்கு அங்கே வேலையில்லை. அனுசுவாரம் என்ற சிறு வட்டம் உண்டு, ஆனால் அது எழுத்தின் பக்கத்தில், வரியிலேயே அமர்வது. தலைக்கு மேலே மிதக்கும் குழியை அந்தக் கண் பழுது என்றே கொள்ளும்.

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் வகுத்திருந்தும், ஓலைச்சுவடிகள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பட்டன. கல்வெட்டுகள் பலவும் அப்படியே. படிப்பவர் இடமறிந்து ஒற்றை மீட்டுக்கொண்டார். அந்த வாதத்தை நீட்டினால் ‘ஏலககாய’ என்ற பலகையும் செல்லும். யாரும் வேறு சரக்குக் கேட்கப்போவதில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுத இடமளிக்கிறது. கடைக்காரர் தம் பலகைக்குக் கேட்டதோ இரண்டு புள்ளிகள்தாம்.

“தம்பி, எழுத்து மேல இருந்த புள்ளியக் காணோமே” என்றார் அவர், பலகையைத் தடவிப் பார்த்தபடி.

அடைத்ததைத் திறப்பது அடைத்ததினும் கடினம். துளைக்கருவியின் முனை கல்லான நிரப்பிலிருந்து வழுக்கிப் பக்கத்து நுரைக்குள் பாய்ந்தது. ககரத்தின் புள்ளி நீள்வட்டமாயிற்று. அதன் ஓரத்துக்கு மீண்டும் பட்டி, இம்முறை அக்ரிலிக், ஓரிரவு காத்திருப்பு. யகரத்தில் எந்திரம் வேண்டாமென்று துளைமுனையை விரல்களுக்கிடையே பிடித்துக் கையாலேயே மெல்லத் திருகினார். அரை மணி நேரம் பிடித்தது. வட்டம் வட்டமாகவே வந்தது.

மறுநாள் வண்ணம் பூசிப் பலகையை மாட்டினார்கள். ககரத்தின் புள்ளி யகரத்தின் புள்ளியைவிடச் சற்றுப் பெரிது.